அப்பா என்ன செய்கிறார்?

விடிவதற்கு முன்பே மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குக் கிளம்பும் ரயிலில் இரண்டு விதமான பயணிகளைப் பார்க்கலாம். சாப்பாட்டுப் பையை அணைத்தபடி தூங்குகிறவர்களுக்கு வேலை இருக்கிறது. இஸ்திரி போட்ட சட்டை கசங்கிவிடுமே என்று சாய்ந்துகூட உட்காராமல், சான்றிதழ் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு உதடு அசைய எதையோ ஒப்பித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அன்று நேர்முகத் தேர்வு.

கோலார் தங்க வயலில் பாலகாட் போன்ற பகுதிகளின் லைன் வீடுகளில் வளர்ந்து, பட்டமோ டிப்ளமாவோ முடித்த இளைஞர்கள் இப்படித்தான் வேலை தேடிப் போகிறார்கள். பெங்களூர் சுமார் 100 கிலோமீட்டர். பத்து மணிக்கு வரச் சொன்ன இடத்தில் மூன்று மணிக்குக் கூப்பிடுவார்கள். உள்ளே பத்து நிமிடம். "தகவல் சொல்கிறோம்" என்பதோடு பேட்டி முடியும். தகவல் வராது. வராததுதான் தகவல் என்பது இரண்டு மூன்று அனுபவங்களில் புரிந்துவிடும்.

இந்தப் புகார் எல்லா ஊருக்கும் பொதுவானதுதான். ஒரே வேலைக்கு நாலைந்து சுற்றுப் பேட்டிகள், எதிரே ஆளே இல்லாமல் கேமராவிடம் பேசிப் பதிவு செய்து அனுப்பும் பேட்டிகள், அடுத்த மாத வாடகைக்கே வழி தெரியாதவரிடம் "ஐந்து ஆண்டுகள் கழித்து எங்கே இருப்பீர்கள்?" என்ற விசாரணை. புதிர்க் கேள்விகளுக்குப் பெயர்போன கூகுள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், அவற்றால் ஒரு பயனும் இல்லை, நேரம்தான் வீண் என்று 2013-ல் ஒப்புக்கொண்டார்.

ஆனால் தங்க வயல் இளைஞர்களைத் தடுமாற வைப்பது புதிர்கள் அல்ல. "சொந்த ஊர் எது? அப்பா என்ன செய்கிறார்?" என்ற இரண்டு சாதாரணக் கேள்விகள்தான்.

முதல் கேள்விக்கே நேரான பதில் கிடையாது. தாத்தாவின் அப்பா வட ஆற்காட்டிலிருந்தோ சித்தூர்ப் பக்கத்திலிருந்தோ வந்தவர். பிறந்தது கர்நாடகம். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும். பெங்களூரில் பேட்டி என்றால் அவர் தமிழர்; சென்னையில் பேட்டி என்றால் கர்நாடகத்துக்காரர். மூன்று மொழி தெரிந்தது தகுதியாக எழுதப்படுவதற்குள், எந்த ஊர்க்காரர் என்ற சந்தேகம் எழுதப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது கேள்வி இன்னும் சங்கடமானது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கம் அதோடு ஓய்ந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். இன்று பேட்டிக்குப் போகும் பிள்ளைகளில் பலர் அப்போது கைக்குழந்தைகள், அல்லது பிறக்காதவர்கள். அவர்களுடைய அப்பாக்கள் பிறகு இதே ரயிலில் பெங்களூருக்குப் போய்க் காவலாளிகளாகவும், பெயின்ட் அடிப்பவர்களாகவும், கட்டட வேலைக்காரர்களாகவும் ஆனார்கள். இதில் எதைச் சொல்வது? சிலர் "பி.ஜி.எம்.எல்.லில் இருந்தார்" என்று நிறுத்திக்கொள்கிறார்கள். பொதுத்துறை என்றதும் கேட்பவர் அதிகாரி என்று நினைத்துக்கொண்டால் நினைத்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. சிலர் "சொந்தத் தொழில்" என்கிறார்கள். சில பேர்தான் "சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தார், இப்போது செக்யூரிட்டி" என்று தலை நிமிர்ந்து சொல்கிறார்கள்.

இந்தத் தயக்கத்துக்குக் காரணம் கூச்சம் மட்டுமல்ல. தங்க வயலின் சுரங்கத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள். அப்பாவின் தொழிலும் ஊரும் சேர்ந்தால், கேட்காத மூன்றாவது கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

அது வெறும் சந்தேகம் அல்ல என்பதற்குச் சான்று உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007-ல் வெளியிட்ட ஆய்வுக்காக, பத்திரிகைகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்குச் சமமான தகுதியுள்ள விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. பெயர்கள் மட்டும் வேறு வேறு. தலித் என்று காட்டும் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்கள் 25 பேரைச் சந்தித்தார்கள். தகுதிதான் முக்கியம் என்று சொன்ன அதே மேலாளர்கள், விண்ணப்பதாரரின் குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் இயல்பான வழக்கமாகவே வைத்திருந்தார்கள். நல்ல குடும்பம் என்றால் நல்ல ஊழியர் என்பது அவர்களுடைய நம்பிக்கை.

நீதிமன்றமும் இந்த விஷயத்தைத் தொட்டிருக்கிறது. ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரிச் சேர்க்கை தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், பேட்டி இரண்டு மூன்று நிமிடமே நடந்தது, அதிலும் பெற்றோர் யார், வீடு எங்கே என்றுதான் கேட்டார்கள் என்பது மாணவர்களின் புகார். 1980-ல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கைப் பேட்டிக்கு ஒதுக்கியது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. பேட்டியை ஒலிப்பதிவு செய்வது நல்லது என்றும் யோசனை சொன்னது. 2016 ஜனவரி முதல் மத்திய அரசு கீழ்நிலைப் பதவிகளுக்கு நேர்முகத் தேர்வையே கைவிட்டது. தனியார் துறைக்கு இப்படி எந்தக் கடிவாளமும் இல்லை. தங்க வயல் இளைஞர்கள் தினமும் ரயிலேறிப் போவதோ பெரும்பாலும் அந்தத் தனியார் துறைக்குத்தான்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மதிப்பெண் பட்டியல் பேசாது. ஆளைப் பார்த்துப் பேசாமல் வேலைக்கு எடுக்க முடியாது. ஆனால் எதைப் பேசுவது என்பதில்தான் வித்தியாசம். எல்லோரிடமும் வேலை தொடர்பான அதே கேள்விகளைக் கேட்டு, அதே அளவுகோலால் மதிப்பெண் போடும் பேட்டிதான், மனம் போனபடி அரட்டை அடிக்கும் பேட்டியைவிட நல்ல ஊழியரைக் கண்டுபிடிக்கிறது என்று பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. லேத் ஓட்டுகிறவரிடம் லேத்தைக் காட்டலாம். கணக்கு எழுதுகிறவரிடம் ஒரு பேரேட்டை நீட்டலாம். அப்பாவின் தொழில் இவற்றில் எதையும் சொல்லாது.

தங்க வயலுக்கு இந்தச் சண்டை புதிதல்ல. ஜான் டெய்லர் கம்பெனியின் காலத்தில் ஒப்பந்தக்காரர்களும் மேஸ்திரிகளும் ஆள் பிடித்துவந்தார்கள். உடம்பில் தெம்பு இருந்தால் போதும், யாரும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் 1930-ல் தொழிலாளர்கள் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்ற உத்தரவு வந்தபோது, எங்களைக் குற்றவாளிகளாக நடத்துவதா என்று கொதித்து, மூன்று வாரம் போல வேலைநிறுத்தம் செய்தார்கள். உழைப்பைக் கொடுக்க வந்தவர்கள், தங்கள் மேல் சந்தேகப் பார்வை விழுவதை ஏற்கவில்லை. இன்று அந்தப் பதிவேட்டின் வேலையைப் புன்னகையோடு கேட்கப்படும் ஒரு கேள்வி செய்கிறது. தனித்தனியாக உள்ளே போகிறவர்கள் அதற்கு எதிராக வேலைநிறுத்தம் செய்ய முடியாது. வேலையே இன்னும் கிடைக்கவில்லையே.

அதனால் பதில்களை ஒத்திகை பார்க்கிறார்கள். முன்னே போய்வந்தவர்கள் பின்னே போகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: எந்த அலுவலகத்தில் என்ன கேட்பார்கள், பெங்களூரில் தங்க இடம் இருக்கிறது என்று எப்போது சொல்ல வேண்டும், குடும்பத்தைப் பற்றிக் கேட்டால் ஒரே வரியில் முடித்துப் படிப்புக்குப் பேச்சை எப்படித் திருப்ப வேண்டும். பயிற்சி வகுப்புக்குக் காசு கட்ட முடியாதவர்களின் வகுப்பு அந்த ரயில் பெட்டிதான்.

இரவு வீடு திரும்பினால் அங்கே இன்னொரு பேட்டி காத்திருக்கிறது. சோற்றைப் போட்டபடி அம்மா "என்னப்பா கேட்டாங்க?" என்பார். இரவு டியூட்டிக்காகக் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கும் அப்பாவும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். பகலில் சொன்ன பதிலை அவர் முன்னால் திருப்பிச் சொல்ல எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. "வழக்கமா கேக்கறதுதாம்மா" என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிடுவதுதான் சுலபம்.