திகதி தள்ளிப்போகும்போது



மூன்று மாதங்களுக்கு முன் ரத்தோட்டைப் பக்கத் தோட்டமொன்றில் ஒரு அக்காவைச் சந்தித்தேன். 1983 வன்செயலுக்குப் பிறகு பெற்றோருடன் சிறுவயதில் கிளிநொச்சிக்குப் போனவர். 2009இல் கணவர் காணாமல் போனார். செட்டிகுளம் முகாமில் இருந்துவிட்டு, இரண்டு பிள்ளைகளுடன் அண்ணனின் லயத்துக்குத் திரும்பி வந்தார். எடை 112 கிலோ. நீரிழிவு உண்டு, முழங்கால் மடங்காது, மலையேறிக் கொழுந்து எடுக்க முடியாது. இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருந்தார்கள். அது இரண்டாவது தடவையாகவும் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

“மிஸ், காத்திருக்கிறது எனக்குப் புதுசா? அவரையே எத்தனை வருசமாப் பாத்துக்கிட்டு இருக்கேன்” என்றார். நீரிழிவுக் குளிசையை நிறுத்திவிட்டதாகவும் சொன்னார். இரவில் தூக்கம் வருவதில்லை. எழுந்து பாணைச் சீனியோடு சாப்பிடுகிறார்.

அயலில் இருப்பவர்கள் வேறு, “புருசன் இல்லாதவளுக்கு இவ்வளவு உடம்பா” என்கிறார்களாம். இந்தப் பேச்சுத்தான் எனக்குக் கோபத்தைத் தருகிறது. வறுமையில் இருப்பவர் மெலிந்துதான் இருக்க வேண்டுமென்று யார் சொன்னது? முகாமில் கிடைத்தது அரிசி, கோதுமை மா, பருப்பு, எண்ணெய், சீனி. இன்றைக்கும் மலிவாக வயிற்றை நிரப்புவது ரொட்டியும் தேநீரும்தான். தூக்கமில்லாத இரவும் ஓயாத பயமும் பசியைக் கூட்டுகின்றன. எடை ஏறியது அவருடைய பேராசையினால் அல்ல.

ஒத்திவைப்பும் அவரை மட்டும் குறிவைத்து வந்ததல்ல. 2020, 2021இல் கொரோனாவினால் அவசரமல்லாத சத்திரசிகிச்சைகள் நாடெங்கும் பின்போடப்பட்டன. 2022 மார்ச் இறுதியில் மருந்துத் தட்டுப்பாட்டினால் பேராதனை போதனா வைத்தியசாலையே திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது. அதற்குப் பிறகு வைத்தியர்கள் பலர் வெளிநாடு போய்விட்டார்கள். திகதி தள்ளிப்போனால் “என்னை வேண்டாமென்று விட்டார்கள்” என்று நினைத்துவிடாதீர்கள். கிளினிக் கொப்பியோடு போய், “பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, யாருக்குத் தொலைபேசி எடுப்பது?” என்று கேட்டு, பதிலைக் கொப்பியிலேயே எழுதி வாங்குங்கள். தொலைபேசி இலக்கம் மாறியிருந்தால் சொல்லிவிட்டு வாருங்கள்.

நான் படித்தது சமூகவியல், மருத்துவம் அல்ல. கிளினிக்குகளுக்குப் பெண்களைக் கூட்டிப்போய்க் கேட்டறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குளிசையை நிறுத்தவே கூடாது. இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் காயத்தில் கிருமி தொற்றக்கூடும். அதனாலேயே அடுத்த திகதியும் தள்ளிப்போகலாம்.

இந்தச் சத்திரசிகிச்சையில் பெரும்பாலும் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் அதிகமாக வெட்டி எடுக்கிறார்கள். பிறகு ஆயுள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சாப்பிட முடியும். விற்றமின் குளிசையும் விடாமல் எடுக்க வேண்டும். அந்தச் சாப்பாட்டுப் பழக்கத்தை இப்போதே தொடங்கலாம். சிறிய கோப்பையில் போட்டு, நன்றாக மென்று, மெதுவாகச் சாப்பிடுங்கள். பருப்பு, முட்டை, கடலை, மீன் இவற்றில் கிடைப்பதை முதலில் உண்டுவிட்டுச் சோற்றுக்கு வாருங்கள். தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் அரைமணி நேரம் கழித்துக் குடியுங்கள். அந்த அக்கா ஒரு நாளைக்கு ஐந்து தேநீர், ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி சீனி. நாங்கள் இருவரும் விரல்விட்டு எண்ணினோம். பத்துக் கரண்டி! அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் பட்டினி கிடக்காதீர்கள். கல்லீரலைச் சுருக்குவதற்குச் சத்திரசிகிச்சைக்கு ஏறக்குறைய இரண்டு கிழமைக்கு முன் குறைந்த உணவு கொடுப்பார்கள். திகதி உறுதியான பின் டொக்டர் சொன்னால்தான் அதைத் தொடங்க வேண்டும். இன்சுலின் போடுபவர் தானாகச் சாப்பாட்டைக் குறைத்தால் மயங்கி விழக்கூடும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் சத்திரசிகிச்சைத் திகதி வரட்டும் என்றிருக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு உடனே போங்கள்.

நூறு கிலோ உள்ளவர் ஐந்து கிலோ குறைத்தாலே நீரிழிவும் இரத்த அழுத்தமும் கட்டுப்படத் தொடங்கும் என்கிறார்கள். இதைச் சொன்னபோது அக்கா நம்பவில்லை. இரவுப் பசிக்கு என்ன செய்வதென்று கேட்டார். அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அது வயிற்றுப் பசி மட்டுமல்லவே. பக்கத்து லயத்தில் அவரைப் போலவே கணவரைத் தேடும் இன்னொருவர் இருக்கிறார். இருவரும் பொழுதுசாயக் கோயில்வரை நடந்துபோய் வருகிறார்கள்; வழியெல்லாம் பேச்சு. நித்திரை கொஞ்சம் வருகிறதாம்.

திகதி இன்னும் வரவில்லை. போன கிழமை எடை பார்த்தபோது 110. “ரெண்டு கிலோதானே மிஸ்” என்றார். மருத்துவமாது அதைக் கொப்பியில் பதிந்து, அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார்.