சம்பளம் வேணாம், படம் எங்கே?

"காசு குடுத்தா கூப்பிட்டோம்? ஆசைப்பட்டுத்தானே நடிக்க வந்தாங்க!" ரசிகர் படத்தைப் பாதியில் போட்டுவிட்டு ஓடும் இயக்குநர்களின் வழக்கமான பதில். கேட்டாலே பத்திக்கிட்டு வருது.

1982-ல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் மூன்று பொடியன்கள் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்' படத்தை ஷாட் விடாமல் அப்படியே திரும்ப எடுக்க ஆரம்பித்தார்கள். 1989 வரை இழுத்தது. விமானச் சண்டை மட்டும் எடுக்க முடியவில்லை. அதற்காகப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்களா? இல்லை. எடுத்தவரை நண்பர்கள், குடும்பத்தாரைக் கூட்டித் திரையிட்டார்கள். பாக்கியிருந்த சண்டையையும் 2014-ல் எடுத்தே விட்டார்கள்.

படம் நின்று போவது குற்றமில்லை சாமி. 'ஸ்டார் ட்ரெக்: ஆக்ஸனார்' மேல் 2015-ல் விழுந்த மாதிரி உரிமையாளர் வழக்குகூட விழலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தொலைத்து லைட் பிடித்தவனுக்கு "நின்னுபோச்சுப்பா" என்று ஒரு போன், அவன் உழைத்த காட்சிகளின் ஒரு பிரதி, அதில் அவன் பெயர். இந்த மூன்றும் பாக்கி.

நான் பி.காம். சம்பளமில்லாத உழைப்பு எந்தப் பேரேட்டிலும் ஏறாதுதான். அதனால் கடன் இல்லை என்று ஆகிவிடுமா?