"ஒரு லிட்டர் கூட ஊத்து, போதும்"னு சொல்றவங்களுக்கு



நான் இங்கே வழக்கமா அன்னதானப் பட்டியலும் துப்புரவுப் பணி நேரமும்தான் போடுவேன். இன்னிக்குக் காடி இஞ்சினைப் பத்தி எழுதுறேன். கொஞ்சம் நீளம். வீட்டுல காடி பைத்தியம் பிடிச்ச பிள்ளை இருக்கிறவங்க கடைசி வரைக்கும் படிங்க.

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு காடி நிறுத்துற இடத்துல நம்ம தொண்டூழியப் பசங்க நாலஞ்சு பேர் பேசிக்கிட்டு இருந்தாங்க. அடுத்த மாசம் செப்பாங் ட்ராக்குல ஓட்டப் போறாங்களாம். அதுல ஒரு தம்பி, "அங்கிள், போறதுக்கு முன்னாடி ஆயில் பேன் மாத்தலாம்னு இருக்கேன்"னு சொன்னான். பக்கத்துல நின்ன பெரியவர் ஒருத்தர் உடனே, "அதெல்லாம் வெட்டிச் செலவு. ஒரு லிட்டர் எண்ணெய் கூட ஊத்து, போதும்"னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. அந்தத் தம்பி வாயை மூடிக்கிட்டான்.

நான் அன்னிக்கு ஒண்ணும் சொல்லல. அது என் தப்பு. அதனால இங்கே சொல்றேன். அந்த வார்த்தை தப்பு. தெரிஞ்சுதான் சொல்றேன், ஏன்னா அதே வார்த்தையை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி என் மகன்கிட்ட நானே சொன்னேன்.

முதல்ல விஷயம் என்னன்னு புரிஞ்சுக்கணும். ஆயில் பேன்னா இஞ்சினுக்கு அடியில தொங்குற எண்ணெய்த் தொட்டி. அதுக்குள்ள ஒரு குழாய் இறங்கி இருக்கும். பம்ப் அந்தக் குழாய் வழியாத்தான் எண்ணெயை உறிஞ்சி மேல அனுப்புது. குழாயோட வாய் எண்ணெயில மூழ்கி இருக்கிற வரைக்கும் கவலை இல்ல. கோவில்ல விளக்கு ஏத்துறவங்களுக்கு இது சுலபமா புரியும். அகல் ஒரு பக்கமா சாய்ஞ்சா எண்ணெய் அந்தப் பக்கம் ஓடிடும், இந்தப் பக்கம் இருக்கிற திரி காய்ஞ்சு கருகும். அகல்ல எண்ணெய் இருக்கா? இருக்கு. திரிக்குக் கிடைக்குதா? இல்ல. இஞ்சின்லயும் அதே கதைதான்.

வளைவுல வேகமா திரும்பும்போது எண்ணெய் வெளிப்பக்கம் ஏறிக்கும். காடியோட எடைக்குச் சமமான விசை பக்கவாட்டுல வந்தா, அதாவது 1 ஜி, பேன்ல இருக்கிற எண்ணெயோட மட்டம் 45 டிகிரி சாய்ஞ்சு நிக்கும். நல்ல டயர் போட்ட காடி ட்ராக்குல கிட்டத்தட்ட அந்த அளவைத் தொடும். மார்க்கெட்டுக்கும் வேலைக்கும் ஓட்டுறப்போ அதுல பாதிகூட வராது. அதனாலதான் ரோட்டுல பத்து வருஷம் ஒழுங்கா ஓடின இஞ்சின் ட்ராக்குல பத்து ரவுண்டுல போயிடுது.

செப்பாங் ட்ராக் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. நேர்ரோடு கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். அது முடியுற இடத்துல முழு வேகத்துல வந்து பிரேக்கை அழுத்தணும், எண்ணெய் முன்னாடி பாயும். உடனே முதல் வளைவு, வலது பக்கம், போகப் போக இறுகிக்கிட்டே போகும். எண்ணெய் இப்போ இடது பக்கம் ஏறி நிக்கும். அந்த நேரத்துல குழாய் எண்ணெயை உறிஞ்சாது, காத்தை உறிஞ்சும். இஞ்சின் நிமிஷத்துக்கு 8,000 சுத்து சுத்துதுன்னு வைங்க. ரெண்டு செகண்டுல 266 சுத்து. அத்தனை சுத்தும் பேரிங் எண்ணெய் இல்லாம தேயுது. ஓட்டுறவனுக்கு ஒண்ணுமே தெரியாது.

இப்போ "ஒரு லிட்டர் கூட ஊத்து" கட்சிக்கு வர்றேன். கொஞ்சம் கூட ஊத்தி ஓட்டுறவங்க இருக்காங்க, இல்லைன்னு சொல்லல. ஆனா 4 லிட்டர் பிடிக்கிற இஞ்சின்ல முழுசா ஒரு லிட்டர் கூட ஊத்தினா எண்ணெய் மட்டம் மேல ஏறி, சுத்துற கிராங்க் அதுல அடிக்கும். மத்து வச்சுத் தயிரைக் கடையுற மாதிரி. எண்ணெய் நுரைச்சுப் போகும். நுரைன்னா என்ன? பாதி காத்து. காத்து போகக் கூடாதுன்னுதானே கூட ஊத்தினோம்? இப்போ நாமளே காத்தைக் கலந்து அனுப்புறோம். மிச்சம் பிரீதர் குழாய் வழியா வெளியேறி, புகையா பின்னாடி போகும்.

என் மகனுக்கு நடந்தது இதுதான். பழைய ஜப்பான் காடி, ஹால்ஃப் கட் இஞ்சின், அவன் சம்பாத்தியத்துல சேர்த்து வாங்கினது. "அப்பா, தடுப்பு வச்ச பேன் போடட்டுமா, 900 வெள்ளி ஆகும்"னு கேட்டான். "ரிம்முக்குக் காசு போட்டது போதும், ஒரு லிட்டர் கூட ஊத்து"ன்னேன். எங்களுக்குத் தெரிஞ்ச வொர்க்ஷாப்ல போர்மேனும் அதையே சொன்னாரு. ட்ராக்குல மூணாவது தடவை இறங்கினப்போ இஞ்சின்ல "டொக் டொக்"னு சத்தம். நல்லவேளை, அவன் உடனே ஓரங்கட்டி நிறுத்திட்டான். பிரிச்சுப் பார்த்தா எண்ணெயில வெள்ளி வெள்ளியா துகள், கனெக்டிங் ராட் பேரிங் தேய்ஞ்சு செம்பு தெரியுது. கிராங்க்கும் போச்சு. 900 வெள்ளி மிச்சம் பிடிச்சதுக்கு 6,000 வெள்ளிக்கு மேல செலவு.

எனக்கு வலிச்சது காசு இல்ல. நான் பேக்டரியில 28 வருஷமா மெஷின் பார்க்கிறவன். ஹைட்ராலிக் மெஷினோட எண்ணெய்த் தொட்டிக்குள்ள ஒரு தடுப்புத் தகடு இருக்கும். திரும்பி வர்ற எண்ணெய் காத்தோட நேரா பம்ப் வாய்க்குப் போகக் கூடாதுன்னு வச்சது. பம்ப் காத்தை இழுத்தா எப்படிக் கத்தும்னு எனக்குத் தூக்கத்துல கேட்டாலும் தெரியும். ஆடாம அசையாம நிக்கிற மெஷினுக்கே தடுப்பு வேணும்னு தெரிஞ்ச நான், வளைவுல பறக்கிற காடிக்கு வேண்டாம்னு என் பிள்ளைகிட்ட சொன்னேன். ஏன்? அவன் காடி ஆசை எனக்குப் பிடிக்கல. அவ்வளவுதான். பிடிக்காத விஷயத்துல அவன் நல்ல கேள்வி கேட்டாலும் என் காதுல ஏறல. அன்னிக்குச் சிரிச்ச பெரியவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க.

இன்னும் சில பதில்கள் வரும்னு தெரியும். இப்பவே சொல்லிடுறேன்.

"எண்ணெயைக் கெட்டியா போடு." குழாய் வாயில எண்ணெயே இல்லாதப்போ கெட்டி என்ன, தண்ணி என்ன? கெட்டி எண்ணெய் மேல இருந்து பேனுக்குத் திரும்பி இறங்கவும் கூடுதல் நேரம் ஆகும்.

"பெரிய பம்ப் போடு." பெரிய பம்ப் பேனை இன்னும் சீக்கிரம் காலி பண்ணும்.

"சிவப்பு லைட் எரிஞ்சா நிறுத்திக்கலாம்." அந்த லைட் பெரும்பாலும் அழுத்தம் அரை பாருக்கும் கீழே போனாத்தான் எரியும். 8,000 சுத்துல அது எரியுற நேரத்துல பேரிங் கதை முடிஞ்சிருக்கும்.

"கம்பெனிக்காரன் முட்டாளா?" முட்டாள் இல்ல. அவன் ரோட்டுக்குச் செஞ்சான். ட்ராக்குக்குச் செய்யும்போது அவனே மாத்துறான். 2006ல வந்த கார்வெட் இஸட்06க்கு கம்பெனியிலேயே டிரை சம்ப் வச்சுத்தான் கொடுத்தாங்க. எண்ணெய் அடியில தேங்காம, தனி டாங்கில நிக்கும். போர்ஷ 944 ட்ராக்குல ஓட்டுறவங்க மத்தியில 2ஆம் நம்பர் ராட் பேரிங் போறது பேர்போன விஷயம். பெரிய கம்பெனி, சின்ன கம்பெனி எல்லாருக்கும் எண்ணெய் ஒரே மாதிரிதான் சாயும். விடெக் வச்சிருக்கிற பசங்க இன்னொண்ணு தெரிஞ்சுக்கணும். அந்த விடெக் மாறுறதே எண்ணெய் அழுத்தத்தாலதான்.

சரி, செய்றதா இருந்தா ஒழுங்கா செய்யணும். தம்பிகளே, இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

பேனுக்குள்ள குழாயைச் சுத்திப் பெட்டி மாதிரி தடுப்பு இருக்கணும். அந்தத் தடுப்புல சின்னச் சின்னக் கதவு, உள்பக்கம் மட்டும் திறக்கிறது. எண்ணெய் உள்ளே வரலாம், வளைவுல வெளியே ஓட முடியாது. மேல ஒரு தகடு, கிராங்க் கிளப்புற காத்து எண்ணெயைக் கலக்காம இருக்க.

கொள்ளளவு கூடணும்னா பேனைப் பக்கவாட்டுல அகலப்படுத்துங்க, கீழே இறக்காதீங்க. தாழ்த்தின காடி நம்ம தாமான் மேட்டுல அடிச்சா பேன் ஓட்டையாகி, இருக்கிற எண்ணெயும் போயிடும்.

குழாய் வாய்க்கும் பேன் தரைக்கும் இடைவெளி முக்கியம். ஒட்டிக்கிட்டா உறிஞ்ச முடியாது, ரொம்ப தள்ளினா காத்து வரும். பொதுவா 6லிருந்து 10 மில்லிமீட்டர். குழந்தைங்க விளையாடுற களிமண்ணை உருட்டி உள்ளே வச்சு, பேனை ஒருதடவை மாட்டிக் கழட்டி, அமுங்கின களிமண்ணை அளந்து பாருங்க. வெல்டிங் பண்ண பேனை உள்ளே நல்லா கழுவுங்க, ஒரு பொறித் துகள்கூட இருக்கக் கூடாது. சிலிக்கோன் கொஞ்சமா தடவுங்க. உள்ளே பிதுங்கினது பிய்ஞ்சு போய் குழாய் வலையை அடைச்சுக்கும்.

எண்ணெய் அழுத்தம் காட்டுற மீட்டர் ஒண்ணு கண்டிப்பா போடுங்க. பேன் மாத்தின பிறகும் வளைவுல முள் விழுந்தா வேலை முடியலைன்னு அர்த்தம். வழவழ டயர் போட்டு நீண்ட வளைவுல ஓட்டுறவங்களுக்குப் பேன் மட்டும் போதாமப் போகலாம். எண்ணெயை அழுத்தத்துல சேமிச்சு வைக்கிற உருளை இருக்கு, டிரை சம்ப் இருக்கு. அதெல்லாம் அடுத்த படி. முதல் படி பேன்.

பசங்களுக்கும் ஒரு வார்த்தை. பேன் மாத்திட்டேன்னு காராக் ரோட்டுல காட்டாதீங்க. இஞ்சின் வெடிச்சு ராட் வெளியே வந்தா, அத்தனை எண்ணெயும் ரோட்டுல. பின்னாடி கப்சாய்ல ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு வர்றவன் அதுல வழுக்கி விழுவான். அவனும் ஒரு வீட்டுப் பிள்ளை. வேகம் வேணும்னா காசு கட்டி ட்ராக்குக்குப் போங்க.

பெற்றவங்களே, உங்க பிள்ளை ஸ்பாய்லருக்குக் காசு கேட்டா கொடுக்காதீங்க, எக்ஸோஸ்டுக்குக் கேட்டாலும் கொடுக்காதீங்க. ஆயில் பேனுக்குக் கேட்டா ஒரு நிமிஷம் உக்காந்து கேளுங்க. வெளியே யாரும் பார்க்காத, போட்டோ எடுத்துப் போட முடியாத ஒரு சாமானுக்குச் செலவு பண்றேன்னு ஒரு பையன் சொல்றான்னா, அவனுக்குப் பொறுப்பு வந்திருக்குன்னு அர்த்தம். அதைச் சிரிச்சுக் கெடுக்காதீங்க.

அன்னிக்கு வாயை மூடிக்கிட்ட தம்பி, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். நீ சொன்னதுதான் சரி. ஞாயிற்றுக்கிழமை அன்னதானம் முடிஞ்சு என்னை வந்து பாரு. பேன் கழட்டுறப்போ நானும் கூட வர்றேன், என் மகனும் வருவான்.

எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க. யார் மனசாவது புண்பட்டிருந்தா மன்னிக்கவும், ஆனா சொன்னதை மாத்திக்க மாட்டேன். பகிர்ந்தா நாலு இஞ்சின் பிழைக்கும்.

இப்படிக்கு,
சமையல்கூடத் தொண்டூழியன்