காடை முட்டையும் ஆளிவிதையும்

கோழிக்கு இடமில்லாத லயத்துக் கோடியிலும் பத்துக் காடைகளுக்கு ஒரு கூடு வைத்துவிடலாம். ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கும் பட்சி அது. முட்டையின் எடை 10 கிராமுக்குச் சற்று மேல். ஐந்து சேர்ந்தால் ஒரு கோழி முட்டைக்கு ஈடாகும். 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடு முழுவதிலும் சுமார் 17 வீதம். தோட்டங்களிலோ சுமார் 32 வீதம். ஆகவே ஹட்டனிலும் நுவரெலியாவிலும் அச்சிறு முட்டைக்குப் பெருமதிப்பு உண்டு.

முட்டையின் தரத்தை உயர்த்தத் தீனியில் விதை சேர்க்கலாமா? சேர்க்கலாம், சகோதரிகளே! ஆனால் எந்த விதை எதைச் செய்யும் என்றறிந்து சேர்க்க வேண்டும்.

பட்சி தின்னும் கொழுப்பின் தன்மை மஞ்சட்கருவிலும் படியும். ஆளிவிதையில் ஒமேகா-3 கொழுப்பு மிகுதி. அதைத் தின்ற காடையின் மஞ்சட்கருவில் அக்கொழுப்பு கூடுகிறது. எள்ளில் மிகுந்திருப்பது ஒமேகா-3 அன்று, ஒமேகா-6; ஆதலால் எள் ஆளிக்கு மாற்றாகாது.

நூறு பங்கு தீனிக்கு ஐந்து பங்கு ஆளி போதும். நாளொன்றுக்கு 25 கிராம் தின்னும் காடைக்கு அது ஒரு கிராமுக்குச் சற்று மேல். மிகுந்தால் முட்டையில் மீன்வாடை வீசக்கூடும். பச்சை விதையில் சிறிதளவு நச்சுப்பொருளும் உண்டு. ஆகையால் வறுத்துப் பொடித்துக் கலப்பதே நன்று. பொடி நாட்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் இடித்துக்கொள்ளுங்கள்.

விதையால் ஆகாதவையும் உள. ஓடு உறுதிப்படச் சிப்பித் தூளோ சுண்ணக்கல் தூளோ வேண்டும். எள்ளின் தோலிலுள்ள ஒட்சலேற்று அச்சுண்ணச்சத்தைக் கட்டிப்போடும் என்பதையும் மறவாதீர்கள். மஞ்சட்கருவின் நிறத்துக்கு மஞ்சட்சோளமும் பசுங்கீரையும் உதவும். முட்டைகளின் எண்ணிக்கைக்கோ வெளிச்சமே பிரதானம். காடைக்கு நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். நமது பகற்பொழுதோ ஏறத்தாழ 12 மணி நேரம். குறையை ஒரு சிறு விளக்கு நிரப்பும். நுவரெலியாக் குளிரில் தீனியின் ஒரு பகுதி உடற்சூட்டுக்கே செலவாகும். வாடைக்காற்று வீசும் பக்கத்தைச் சாக்கினால் மறைத்துவிடுங்கள்.

விளக்கும் சிப்பித் தூளும் நல்ல தீனியும் அமைந்த பின்னர் ஆளிவிதைக்குப் பணம் செலவிடுங்கள். அவ்வாறு பெற்ற முட்டைகள் அனைத்தையும் கடைக்கு அனுப்பிவிடாது, உங்கள் பிள்ளைகளுக்கும் நாள்தோறும் இரண்டொன்றை நன்றாக அவித்துக் கொடுங்கள்.