வீடும் வளவும்: சுட்ட பலகை



தெரிந்த ஒருவர் மகளுக்கு ஊஞ்சல் கட்ட மரம் வாங்கி வைத்திருந்தார். “தேக்குப் போல இருக்குது, இனி உக்காது” என்றார். நல்லகாலம், கட்டமுன் காட்டினார்.

அது தேக்கல்ல, வாட்டிய பைன் மரம். பின்லாந்தில் 1990களில் வளர்த்தெடுத்த முறை. பெரிய சூளையறையில் ஏறக்குறைய 190 முதல் 212 பாகை செல்சியஸ் வரை சூடாக்குவார்கள். தீப்பற்றாதிருக்க உள்ளே நீராவி விடுவார்கள். மருந்து எதுவும் சேர்ப்பதில்லை. ஈரத்தை இழுக்கும் சர்க்கரைப் பொருட்கள் சூட்டில் சிதைந்துவிடும். ஈரமும் தீனியும் குறைந்தால் பூஞ்சணத்துக்கு அங்கே என்ன வேலை? மழைக்கு ஊதி வளைவதும் குறைவு.

ஆனால் சூடு மரத்தின் பலத்தையும் தின்றுவிடும். வளைந்து கொடுக்காமல் சட்டென்று முறியும். ஊஞ்சல் கால், பல்கனியைத் தாங்கும் வளை, இவற்றுக்கு இது வேண்டவே வேண்டாம். மண்ணில் நடவும் கூடாது. ஈரமண்ணில் இதுவும் உக்கும். வேலித்தூணுக்கு மருந்தேற்றிய பச்சைநிற மரத்தை வாங்குங்கள். (அதன் துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள், புகை நஞ்சு.)

சுவருக்கு அடிக்கும் பலகை, இருக்கைப் பலகை, பூந்தொட்டிப் பெட்டி என்றால் சுட்ட மரம் நல்லது. வெறும் ஆணி அடித்தால் பிளக்கும். முதலில் துளையிட்டு, துருப்பிடிக்காத திருகாணி பூட்டுங்கள். வெயிலில் சாம்பல் நிறமாகும். அது உக்கல் அல்ல. நிறம் வேண்டுமென்றால் நிறமூட்டிய எண்ணெய் பூசுங்கள்.

நண்பர் அந்தப் பலகையில் வாசலுக்கு ஒரு வாங்கு செய்தார். ஊஞ்சலுக்கு வேறு மரம் வாங்கினார்.