பாட்டியையும் கூட்டிக்கொண்டு போங்கள்



ஐந்து மாதமாகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை என்றால், வீட்டில் இரண்டு விதமான பேச்சு எழும். "போகப் போகச் சரியாயிடும்" என்பது ஒன்று. "கிரகணத்தப்போ வெளியே போனியா?" என்பது இன்னொன்று. முதலாவதை நம்பி அருமையான மாதங்கள் கழிந்துவிடுகின்றன. இரண்டாவதைக் கேட்டுக் கேட்டு அந்தத் தாய் குன்றிப்போகிறாள். உதாரணமாக, கழுத்து நிற்கத் தாமதமாவதற்கு ஒரு காரணமான டவுன் சிண்ட்ரோம் பெரும்பாலும் 21-ஆம் குரோமோசோம் ஒன்று கூடுதலாக அமைவதால் வருவது. அவள் எங்கே போனாள், எதைச் சாப்பிட்டாள் என்பதற்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூளை மிக வேகமாக வளர்வது முதல் சில ஆண்டுகளில்தான். அதனால் நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திருக்காமல், சந்தேகம் வந்த அன்றே பயிற்சியைத் தொடங்கலாம். ஆனால் வாரத்தின் 168 மணி நேரத்தில் குழந்தை இயன்முறை மருத்துவரிடம் இருப்பது ஒன்றோ இரண்டோதான். மற்ற நேரமெல்லாம் அதைக் குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் தூக்கி வைத்திருப்பதும் நாம்.

அங்கேதான் வேலை இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள சில குழந்தைகளுக்குக் கால்கள் விறைத்துக் கத்தரிபோலப் பின்னிக்கொள்ளும். அவர்களைக் கைகளில் ஏந்திக்கொள்வதைவிட, நம் ஊர் வழக்கப்படி கால்களை அகட்டி இடுப்பில் உட்கார வைப்பது பெரும்பாலும் நல்லது. காலும் விலகும், தலை நிமிர்ந்து ஊரையும் பார்க்கும். காலை நீட்டி அதில் மல்லாக்கப் படுக்க வைத்துச் சங்கில் புகட்டுவதை மட்டும் விட்டுவிட வேண்டும். விழுங்கச் சிரமப்படும் பிள்ளைக்குப் பால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை நேரில் பார்த்துச் சொல்லித்தர ஆள் வேண்டும். சொல்லித்தரும்போது, தினமும் குளிப்பாட்டுகிற பாட்டியும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தென்காசி அருகே ஆய்க்குடியில், விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்ட எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் இதை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கிறது. அதன் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்ப் பெற்றோருக்குப் பயிற்சி தருகிறார்கள். தூரத்தில் இருக்கும் நிபுணர்கள் செல்பேசிச் செயலி வழியாக அவர்களுக்கு வழிகாட்டுகிறார்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். சமையல், மூத்த பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாவற்றோடும் இந்தப் பயிற்சியையும் தாயின் தலையில் கட்டிவிட்டு அதைக் குடும்பச் சிகிச்சை என்று அழைப்பது அநியாயம். பேருந்தில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தனியாக அலைகிற அம்மாக்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாலையில் அரை மணி நேரம் அப்பா பிள்ளையை நெஞ்சின்மேல் குப்புறப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தால், அவர் முகத்தைப் பார்க்கவே அது தலை தூக்கப் பார்க்கும். அந்த அரை மணி நேரம் அம்மா கண்ணயரலாம்.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: அரசு மருத்துவமனைகளில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இயங்கும் இவற்றில் கட்டணம் இல்லை. உங்கள் பகுதிக் கிராமச் சுகாதாரச் செவிலியரைக் கேட்டால் வழி சொல்வார்.

இப்படி ஒரு பிள்ளையை வளர்க்கும் வீட்டிலிருந்து எங்களுக்கு எழுதுங்கள். அம்மாக்கள் நிச்சயம் எழுதுவார்கள். அப்பாக்களும் தாத்தா பாட்டிகளும் எழுத வேண்டும் என்பது என் ஆசை.

அன்புடன்,
ஆசிரியர்