மீனுக்கு ஒரு பஸ்ஸா? - ஓ.ஆர்.எம். பத்தி ஒரு புலம்பல்

பொட்டி தட்டுற நம்ம மக்கள்ல ரெண்டு கட்சி உண்டு. "எஸ்.க்யூ.எல். எல்லாம் எதுக்குப்பா, ஓ.ஆர்.எம். பார்த்துக்கும்"ங்கறது ஒண்ணு. "ஓ.ஆர்.எம். போட்டாலே அப்ளிகேஷன் படுத்துடும்"ங்கறது இன்னொண்ணு. போன மாசம் வரைக்கும் நான் முதல் கட்சில உறுப்பினர் அட்டை இல்லாத குறையா இருந்தேன்.

தெரியாதவங்களுக்காக ரெண்டு வரி. டேட்டாபேஸ்ல இருக்கறது டேபிள். நாம ப்ரோக்ராம்ல எழுதறது ஆப்ஜெக்ட். நடுவுல நின்னு அதை இதாவும் இதை அதாவும் மாத்திக் கொடுக்கற தரகர்தான் ஓ.ஆர்.எம். ஜாவால 2001ல கேவின் கிங் ஆரம்பிச்ச ஹைபர்னேட், ரெயில்ஸ்ல ஆக்டிவ் ரெக்கார்ட், டாட்நெட்ல என்டிட்டி ஃப்ரேம்வொர்க்... எல்லாம் இந்த ஜாதிதான். 2006லயே டெட் நியூவர்ட் ஒரு கட்டுரைல இதை கம்ப்யூட்டர் சயின்ஸோட வியட்நாம்னு திட்டினார். உள்ளே போறது சுலபம், வெளியே வர்றது கஷ்டம்ங்கற அர்த்தத்துல.

சரி, மேட்டருக்கு வர்றேன். மாமல்லபுரத்துல தெரிஞ்சவங்க நடத்தற ஒரு லாட்ஜுக்கு புக்கிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். ஜாவா, ஹைபர்னேட். என் லேப்டாப்ல பத்து புக்கிங்கை வெச்சு டெஸ்ட் பண்ணா கண் இமைக்கறதுக்குள்ள பக்கம் வந்துது. டேட்டாபேஸும் அதே லேப்டாப்லதானே! ரொம்பப் பெருமையா கொடுத்துட்டு வந்தேன்.

சனிக்கிழமை காலைல போன். ரிசப்ஷன்ல இருக்கற அக்கா. "தம்பி, ரூம் இருக்கான்னு பார்த்துச் சொல்றதுக்குள்ள வந்தவங்க பக்கத்து லாட்ஜுக்குப் போயிடறாங்க. முதலாளி என்னைத்தான் திட்டறார்."

செங்கல்பட்டுலேர்ந்து வண்டிய எடுத்துட்டு ஓடினேன். க்வெரி லாகை ஆன் பண்ணிப் பார்த்தா தலை சுத்திடுச்சு. அந்த வாரத்துல 240 புக்கிங். பட்டியலை எடுக்க ஒரு க்வெரி. அப்புறம் ஒவ்வொரு புக்கிங்குக்கும் விருந்தாளி பேரைக் கேட்டு ஒண்ணொண்ணா 240 க்வெரி. அறை விவரத்துக்கு 40. (ஒரு தடவை எடுத்த அறையை அதே செஷன்ல மறுபடி கேட்காது, அந்த மட்டும் ஹைபர்னேட்டுக்கு ஒரு சபாஷ்.) மொத்தம் 281. அப்ளிகேஷன் லாட்ஜ் கம்ப்யூட்டர்ல, டேட்டாபேஸ் மும்பை க்ளவுட்ல. ஒரு தடவை போய் வர 20 மில்லி செகண்டுன்னாலே அஞ்சரை செகண்டுக்கு மேல ஆச்சு. அதுவும் ஒவ்வொரு க்ளிக்குக்கும்!

இதை நம்ம ஊர் கணக்குல சொல்றேன். செங்கல்பட்டுலேர்ந்து மாமல்லபுரத்துக்கு மீன் வாங்கப் போறீங்க. ஒரு மீன் வாங்கிட்டு திருக்கழுக்குன்றம் வழியா பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்து வெச்சுட்டு, மறுபடி பஸ் ஏறிப் போய் அடுத்த மீனை வாங்கினா எப்படி? மீனுக்கு ஆன செலவு கம்மி. பஸ்ஸுக்குத்தான் சொத்து போகும். இதுக்கு 'என் ப்ளஸ் ஒன்' பிரச்னைன்னு பேர்.

மருந்து? ஒரே ஒரு வரி. ஜாயின் ஃபெட்ச். 281 க்வெரி ஒண்ணாச்சு.

என் நண்பன் ஒருத்தன் இதைக் கேட்டுட்டு "நான் அப்பவே சொன்னேன்ல, தூக்கிப் போட்டுட்டு எல்லாத்தையும் எஸ்.க்யூ.எல்.ல எழுதுடா"ன்னான். இங்கதான் நான் ஒத்துக்கலை. ஒரு லூப்புக்குள்ள க்வெரியைப் போட்டா, கையால எழுதின எஸ்.க்யூ.எல்.லும் இதே மாதிரிதான் திரும்பத் திரும்ப ஓடும். வித்தியாசம் என்னன்னா, அங்க நாம எழுதறது கண்ணுக்குத் தெரியும். இங்க ஒரு புள்ளி வெச்சு விருந்தாளி பேரைக் கேட்டா, அந்தப் புள்ளிக்குப் பின்னாடி ஒரு மும்பைப் பயணம் இருக்கறது தெரியாது.

ஆனா அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. மாசக் கடைசி வசூல் ரிப்போர்ட்டுக்கு நான் ஆயிரக்கணக்கான பில்லை ஆப்ஜெக்டா ஏத்திக் கூட்டிட்டிருந்தேன். ஏத்தற ஒவ்வொண்ணுக்கும் பழைய மதிப்புகளோட ஒரு நகலையும் ஹைபர்னேட் வெச்சுக்கும், பின்னாடி ஏதாவது மாறிச்சான்னு ஒப்பிடணுமே! வெறும் கூட்டலுக்கு இது எதுக்கு? டேட்டாபேஸையே கூட்டச் சொன்னா ஒரு எண்ணோட திரும்பி வரப்போகுது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆளுங்களே 2011ல வேகத்துக்காக டேப்பர்னு சின்னதா ஒண்ணு எழுதினாங்க. க்வெரியை நாம எழுதணும், வர்ற வரிசையை ஆப்ஜெக்டா மாத்தறதை மட்டும் அது பார்த்துக்கும்.

அதனால இப்போ என் வழக்கம் இதுதான். புக்கிங் போடறது, திருத்தறது, கேன்சல் பண்றது எல்லாம் ஓ.ஆர்.எம். பொறுப்பு. அங்க மிச்சமாகற டைப்பிங்கும் தப்பும் கொஞ்சநஞ்சமில்லை. ரிப்போர்ட்டும் பெரிய பட்டியலும் என் கை எஸ்.க்யூ.எல். எந்தப் பக்கத்தைக் கொடுக்கறதுக்கு முன்னாடியும், நிஜ அளவு டேட்டாவை ஏத்தி, எத்தனை க்வெரி போகுதுன்னு எண்ணிடறேன். பத்து வரிசையில நடத்தின டெஸ்ட் டெஸ்ட்டே இல்லை.

அப்போ எந்தக் கட்சி? சுயேச்சைன்னு வெச்சுக்குங்க :-)

ஹைபர்னேட் மேல பழி போட்டு அன்னிக்கே தப்பிச்சிருக்கலாம். ஆனா லாகைப் பார்க்காம விட்டது நான், திட்டு வாங்கினது அந்த அக்கா. முதலாளிகிட்ட போய் "தப்பு என்னோடது சார், அவங்க மேல இல்லை"ன்னு சொல்லிட்டு வந்தேன். போன சனிக்கிழமை அக்காவுக்கு நானே போன் பண்ணேன். "இப்ப டக்குனு வருது தம்பி, அப்புறம் பேசறேன், ஆள் நிக்கறாங்க"ன்னு வெச்சுட்டாங்க.